கைதட்டலுக்கு மதிப்பெண்

"உங்களோட 'எதுக்காக' என்னங்க?" என்று பிராக் என்னிடம் கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. எது எதுக்காக? அவன் நீட்டிய மஞ்சள் அட்டையைப் பார்த்தேன். மேலே ஒரு இதயம் அச்சடித்திருந்தது, கீழே காலி. நான் எதற்காக இந்தப் படிப்புக்கு வந்தேன் என்பதை அந்தக் காலி இடத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். மனம் சோர்ந்த நாளில் அதை அண்ணாந்து பார்த்தால் உற்சாகம் பொங்குமாம்.

"சம்பளம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

பிராக் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சாய்த்துச் சிரித்தான். முப்பது வயதுகூட இருக்காது அவனுக்கு. எங்கள் கல்லூரியில் மாணவர் ஈடுபாட்டு அதிகாரி என்று பதவி. சும்மா நிற்கும்போதுகூட ஓடப்போகிறவன் மாதிரி முன்பாதத்தில்தான் நிற்பான்.

"இது மேலாப்புல இருக்கற காரணம், கொரீன். இதுக்குக் கீழ என்ன இருக்கு?"

பலபேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பக்கத்திலிருந்த ரோஷெல் எனக்காகப் பதில் சொன்னாள்.

"கீழயா? வாடகை இருக்கு."

"அதுக்கும் கீழ?"

"அதுக்கும் கீழ ஒரு பெரியவரு குடியிருக்காரு. காது மந்தம். டிவிய அலற விடுவாரு. கொரீன் மாடில இருக்காங்கறது தெரியாதா உங்களுக்கு?"

வகுப்பு சிரித்தது. பிராக்கும் சிரித்துக்கொண்டே கையிலிருந்த பலகைக் கணினியில் எதையோ தட்டினான். சிரிப்புக்கும் மதிப்பெண் உண்டு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

டொலீடோ நகரத்தில், மூடிப்போன செருப்புக் கடைக்கும் மூடாத டயர் கடைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கல்லூரி. வாசல் பலகையில் கல்லூரி என்று எழுதியிருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். ஒரு அறையில் பல் வைத்தியருக்கு உதவியாளராகக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு அறையில் ஏசி மெக்கானிக்குகள். எங்கள் அறையில் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். டயர் கடைக்காரன் சக்கரத்து நட்டைக் கழற்றும் சத்தம் மூன்று படிப்புக்கும் பொது.

எங்கள் வகுப்பில் இளசு என்று யாரும் இல்லை. நான் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறவள். ரோஷெல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வகுப்புக்கு வருவாள், பள்ளி விடும் நேரத்துக்கு மறுபடியும் வண்டியை எடுக்க ஓடுவாள். டெல்பர்ட் ராத்திரியெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, அதே பூட்ஸோடு வந்து உட்காருகிறவர். அவர் தன் அட்டையில் "முதுகு" என்று எழுதினார். பிராக் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

"ஒரே வார்த்தை! எவ்வளவு பெரிய வாழ்க்கை இதுக்குள்ள இருக்கு, டெல்பர்ட்!"

"வலிக்குதுப்பா. அவ்வளவுதான்" என்றார் டெல்பர்ட்.

சுவருக்கு நடுவில் இடம் பிடித்தது ரோஷெலின் அட்டைதான். சாகும் தறுவாயில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருநாள் ஏழைகளுக்கு ரத்தம் எடுக்கணும் ரோஷெல்" என்று கேட்டுக்கொண்ட அத்தைக்காக அவள் படிக்கிறாளாம். பிராக் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை ஒட்டினான்.

"எந்த அத்தைடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இருக்கா. கிளீவ்லண்டுல சீட்டாடிட்டிருக்கா."

எங்கள் ஆசிரியை மிஸ் விக்கரி சுவரில் அட்டை ஒட்டச் சொல்கிறவர் அல்ல. அவர் எதையுமே சொல்கிறவர் அல்ல, பாடத்தைத் தவிர. அறுபதை நெருங்கிய வயது. சாவுச் செய்தியையும் சாப்பாட்டு நேரத்தையும் ஒரே குரலில் சொல்லக்கூடியவர். திரையில் படம் போடுவார், படத்தில் எழுதியிருப்பதையே வாசிப்பார். வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. யாரையும் பாராட்டியதில்லை. அவர் வகுப்பு சலிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய் இல்லை. ஆனால் டெல்பர்ட் தூங்கினால் விட்டுவிடுவார். முக்கியமான இடம் வரும்போது மட்டும் அவர் மேசையை விரலால் தட்டுவார்.

"டெல்பர்ட், இத மட்டும் கேட்டுட்டுத் தூங்குங்க."

டெல்பர்ட் கண்ணைத் திறந்து கேட்டுக்கொள்வார். மறுபடியும் தூங்கிவிடுவார். பரீட்சையில் அவர்தான் முதல்.

பரீட்சையில் எனக்கும் பயம் இல்லை. என் பிரச்சினை கை. ரப்பர் கையில் நான் நன்றாகவே குத்துவேன். ரப்பர் கை யாரையும் நிமிர்ந்து பார்க்காது. உயிருள்ள மனிதர் எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டால், என் விரல் குளிரில் நிற்கிற கிழவன் மாதிரி வெடவெடக்கும். உயிருள்ள கைகளில் இத்தனை தடவை ரத்தம் எடுத்தாள் என்று ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். படிப்புப் பருவம் முடியும்போது அந்தப் பயிற்சி தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் முதலிலிருந்து மொத்தப் படிப்பும். நான் இன்னொரு தடவை படிக்க வரமாட்டேன் என்பது எனக்கே தெரியும். ஏற்கனவே ஒரு பள்ளிக்கூடத்தை விட்ட கால்கள் இவை.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு மிஸ் விக்கரி தன் சட்டைக் கையை மடித்து மேசைமேல் வைத்தார்.

"நடுங்குது மிஸ்."

"நடுங்கட்டும். நடுக்கம் நிக்கட்டும்னு காத்திட்டிருந்தா நீ ரிட்டையர் ஆயிடுவ. நடுங்கிக்கிட்டே குத்து."

ரப்பர் பட்டையைக் கட்டினேன். நரம்பை விரலால் தேடினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன்னால் முடியும் என்று சொல்லவில்லை, பயப்படாதே என்று சொல்லவில்லை, என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டயர் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். குத்தினேன். குழாயில் ரத்தம் ஏறியது.

"ஒண்ணு ஆச்சு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவ்வளவுதான் கொண்டாட்டம். அதற்குப் பிறகு வகுப்பு முடிந்ததும் அடிக்கடி அந்தக் கை மேசைமேல் வந்தது. சில நாள் குத்தினேன், சில நாள் தவறவிட்டேன். தவறினால், "நாளைக்கு அந்தக் கை" என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பிராக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஈடுபாட்டு மதிப்பெண் போடும்படி தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்ததாம். மாணவர்கள் தலையாட்டினார்களா, கேள்வி கேட்டார்களா, சிரித்தார்களா, கைதட்டினார்களா என்று பலகைக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் அதுவே கூட்டிப் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிடும். கற்றுக்கொண்டார்களா என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. ரோஷெல் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

அன்றைக்குப் பாடம், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் கட்டிப்போவது. நாங்கள் குறிப்பெடுத்தோம். எழுதுகிறவர்களின் தலை குனிந்திருக்கும், குனிந்த தலைக்கு மதிப்பெண் இல்லை. டெல்பர்ட் குறட்டை விட்டார். பத்துக்கு இரண்டு வந்தது. அந்த இரண்டும், தூக்கத்தில் டெல்பர்ட்டின் தலை ஆடியதால் வந்ததுதான் என்று ரோஷெல் சத்தியம் செய்தாள்.

மறுநாள் மிஸ் விக்கரி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு விஷயம். அடுத்த தடவையும் மார்க் இப்படி வந்தா என் இடத்துக்கு வேற ஆள் வருவாங்க. சரி, பக்கத்தத் திருப்புங்க."

எல்லோரும் பக்கத்தைத் திருப்பினார்கள். என்னால் திருப்ப முடியவில்லை. எனக்குப் பாதிக் கையெழுத்துகூட ஆகியிருக்கவில்லை.

இடைவேளையில், கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டி ஓரம், சிகரெட் பிடிக்கிறவர்களும் பிடிக்காதவர்களும் கூடினோம்.

"இந்தப் பொம்பளைக்கு நாமதான் மார்க் வாங்கிக் குடுக்கணும்" என்றாள் ரோஷெல்.

"அவங்களுக்கு நாம மார்க் வாங்கறதா? படிக்க வந்தது யாரு?" என்றார் டெல்பர்ட்.

"அண்ணே, நடிக்கணும். அவ்வளவுதான். நான் தினம் காலைல ஒரு வண்டி பிசாசுங்களப் பாத்து, குட்மார்னிங் செல்லங்களாங்கறேன். அத விடவா கஷ்டம்? நீங்க தலையாட்டுங்க. முழிச்சிக்கிட்டு."

"முழிச்சிக்கிட்டுமா?"

"ஒரு நாளைக்குண்ணே. காப்பி நான் வாங்கித் தர்றேன். கொரீன், நீ பேச வேணாம், பயப்படாத. கை தட்டு. எப்பன்னு நான் சொல்றேன். நான் மூக்கச் சொறிஞ்சா தட்டு."

பிராக் மறுபடி வந்த நாள், மிஸ் விக்கரி எந்த நிற மூடியுள்ள குழாயை எதற்குப் பின் நிரப்புவது என்று நடத்தினார். உலகத்தில் அதைவிட வறண்ட பாடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

"வெளிர்நீல மூடி, சிவப்புக்கு முன்னாடி" என்றார் மிஸ் விக்கரி.

ரோஷெல் மூக்கைச் சொறிந்தாள். நான் கைதட்டினேன். வகுப்பே தட்டியது. மிஸ் விக்கரி திரும்பித் திரையைப் பார்த்தார், அங்கே வேறு ஏதாவது படம் ஓடுகிறதோ என்று.

"முன்னாடியா?" என்று கூவினாள் ரோஷெல். "சிவப்புக்கு முன்னாடியேவா மிஸ்?"

"ஆமா."

"ஐயோ! இத்தன வருஷம் இது தெரியாம வாழ்ந்திருக்கனே!"

டெல்பர்ட் தலையாட்டினார். ரோஷெல் வாங்கித் தந்த காப்பி வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. ஆரம்பித்த தலை நிற்கவில்லை. மிஸ் விக்கரி தண்ணீர் குடித்தார், டெல்பர்ட் தலையாட்டினார். மிஸ் விக்கரி தும்மினார், டெல்பர்ட் தலையாட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைத் தூக்கினார்.

"மிஸ், ஒரு சந்தேகம். பச்ச மூடி எப்ப வரும்?"

"இப்பதான் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க மிஸ். இன்னும் வரலியேன்னு மனசு அடிச்சிக்குது."

ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக்கூடாது என்ற இடத்தில் ரோஷெல் அழுதேவிட்டாள். தன் முதல் கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். எனக்கு உள்ளங்கை சிவந்துபோயிற்று. வாய் திறக்காமலேயே ஒருத்தி இவ்வளவு சத்தம் போட முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன்.

கடைசி வரிசையில் பிராக் எழுந்து நின்றுகொண்டிருந்தான். செல்பேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

பத்துக்கு ஒன்பதரை. அந்தக் கணினி அதுவரை யாருக்கும் போடாத மதிப்பெண்.

அந்த வாரமே கல்லூரி இயக்குநர் நேரில் வந்தார். சதுரக் கேக் ஒன்றையும் கொண்டுவந்தார். மிஸ் விக்கரியின் திறமையை ஒரே அறையில் பூட்டி வைப்பது மாணவ சமுதாயத்துக்குச் செய்யும் துரோகம் என்றார். கல்லூரியின் எல்லாக் கிளைகளுக்கும் இனி அவர்தான் ஈடுபாட்டுப் பயிற்சியாளர். ஊர் ஊராகப் போய் மற்ற ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார், வழிகாட்டுவார். எங்கள் வகுப்பைப் பருவம் முடியும்வரை பிராக் எடுப்பான். அவனும் ஒரு காலத்தில் இதே படிப்பை முடித்தவன்தான்.

நாங்கள் கேக் தட்டோடு நின்றோம். யாரும் மூக்கைச் சொறியவில்லை.

மிஸ் விக்கரி தன் மேசையிலிருந்த பேனாக்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே போறீங்களா மிஸ்?" என்றாள் ரோஷெல்.

"சம்பளம் கூட. மருத்துவக் காப்பீடு உண்டு." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். "பல்லுக்கும் சேத்து."

பல்லுக்கும் சேர்த்துக் கிடைத்தால் அந்த அறையில் யார்தான் போயிருக்கமாட்டோம்? வாசலில் அவர் என்னைப் பார்த்தார். "மீதிக் கையெழுத்த அவர்ட்ட வாங்கி முடிச்சிடு" என்றார், வழக்கமான குரலில். எங்களை நாங்களே கைதட்டி ஆசிரியர் இல்லாதவர்களாக ஆக்கிக்கொண்டோம்.

மறுவாரம் வகுப்புக்குள் நுழைந்தபோது பாட்டு முழங்கியது. பிராக் மேசையில் ஒலிபெருக்கி வைத்திருந்தான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தான். வட்டத்தில் உட்கார்ந்தால் தூங்குவதற்குச் சாய இடம் இல்லை. டெல்பர்ட் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, காட்டில் வழி தவறியவர் மாதிரி நின்றார்.

"காலை வணக்கம், சாம்பியன்ஸ்! நேத்து உங்க வாழ்க்கையில நடந்த ஒரு வெற்றியச் சொல்லுங்க!"

"வண்டி ஸ்டார்ட் ஆச்சு" என்றார் டெல்பர்ட்.

"சூப்பர்! எல்லாரும் டெல்பர்ட்டுக்கு ஒரு கைதட்டு!"

ஒவ்வொரு வெற்றியையும் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பு நேரத்தில் முக்கால்வாசி போய்விடும். அதற்குப் பிறகு பிராக் தன் 'எதுக்காக'வைச் சொல்வான். கையில் காசில்லாமல் காரிலேயே படுத்துக் கிடந்தது, ஒருநாள் கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பேசியது. முதல் தடவை கேட்டபோது எனக்கு உண்மையாகவே மனசு கஷ்டப்பட்டது. தினமும் அதே இடத்தில் அதே மாதிரி குரல் உடைந்தால் என்ன செய்வது? ரோஷெல் அவனுக்கு முன்னாலேயே உதட்டை அசைப்பாள்.

மிச்ச நேரத்தில் ஊசி. அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். மேசையில் ஒரு பித்தளை மணி. யார் சரியாக ரத்தம் எடுத்தாலும் அந்த மணியை அடிக்க வேண்டும், மற்றவர்கள் ஆரவாரம் செய்ய வேண்டும். நான் ரோஷெலின் கையில் பட்டை கட்டி, நரம்பைக் கண்டுபிடித்து, நடுங்கிக்கொண்டே ஊசியை உள்ளே விட்ட நேரத்தில் அடுத்த மேசையில் யாரோ வென்றார்கள். மணி அடித்தது. வகுப்பு கத்தியது. என் கை துள்ளியது.

"அம்மாடி!" என்று ரோஷெலும் கத்தினாள். அவள் முழங்கை மடிப்பில் கத்தரிப்பூ நிறத்தில் ரத்தம் கட்டிக்கொண்டது.

பிராக் ஓடிவந்தான். காயத்தைப் பார்த்தவன் சட்டென்று பார்வையை உத்தரத்துக்குத் திருப்பிக்கொண்டான். முகம் வெளுத்திருந்தது. எத்தனை வருடமாக அவன் ஊசியைத் தொடவில்லை என்பது அப்போது புரிந்தது.

"தோல்வின்னு ஒண்ணு கிடையாது, கொரீன்! கத்துக்கறதுதான் இருக்கு! நீங்க ஒரு புலி! சொல்லுங்க, நான் ஒரு புலி!"

நான் எதைக் கற்றுக்கொண்டேன் என்று கேட்க நினைத்தேன். ஊசி எங்கே தவறியது, ஆழமா, சாய்வா, பட்டையா? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னால் கேட்க முடியவில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அங்கேயே கிடந்தன. ரத்தம் எடுக்காமலேயே கையெழுத்து வேண்டுமானால் தருகிறேன் என்றுகூட ஒருநாள் சொன்னான். "நம்பிக்கைதான முக்கியம்?" என்றான். மறுத்துவிட்டேன். கையெழுத்தோடு மருத்துவமனைக்குப் போய், புலி என்று சொல்லிக்கொண்டு யார் கையில் குத்துவேன்?

பருவம் முடியும் நாள் நெருங்கியது. எனக்குப் புதிதாக ஒரு கையெழுத்துகூடக் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு காலை பிராக் இரண்டு பெட்டி டோனட்டோடு வந்தான். வழக்கத்தைவிட உயரமாகக் குதித்தான்.

"சாம்பியன்ஸ், வெள்ளிக்கிழமை நமக்கு ஒரு விருந்தாளி! யாரு சொல்லுங்க? மிஸ் விக்கரி! என் வகுப்புக்கு மார்க் போட வர்றாங்க. எனக்கு இந்தப் பதவி நிரந்தரமாகணும்னா இது ஒண்ணுதான் பாக்கி. உங்கள நம்பித்தான் இருக்கேன்!"

"மார்க் கொறஞ்சா என்னாகும்?" ரோஷெல் டோனட்டை மென்றுகொண்டே, ஏதோ வானிலையைக் கேட்பவள்போலக் கேட்டாள்.

"கொறையாது! அப்படியே அஞ்சுக்குக் கீழ போனாதான், பயிற்சியாளரே வந்து மிச்ச வகுப்ப எடுத்து நடத்தணும்னு விதி இருக்கு. அதெல்லாம் நமக்கு எதுக்கு?"

ரோஷெல் மெல்லுவதை நிறுத்தினாள். டெல்பர்ட் கண்ணைத் திறந்தார். வட்டமாக உட்கார்ந்திருந்ததால் எல்லோர் முகத்தையும் எல்லோரும் பார்க்க முடிந்தது. வட்டம் போட்டதால் கிடைத்த ஒரே நன்மை அது.

"அவங்க பல்லுக் காப்பீடு போயிடாதே?" என்று குப்பைத் தொட்டி ஓரம் டெல்பர்ட் கேட்டார்.

"எப்படிண்ணே போகும்? பதவி அதேதான, வகுப்பு மட்டும் நம்முது. பல்லும் அங்க, ஆளும் இங்க."

"பையன் பாவம் இல்லையா?"

ரோஷெல் சட்டைக் கையை ஏற்றி, மஞ்சளாகிக்கொண்டிருந்த காயத்தைக் காட்டினாள். "நான் பாவம் இல்லையா? கொரீன் பாவம் இல்லையா? அவனுக்கு வேற வேல கெடைக்கும். வாயிருக்கு. இவளுக்கு என்ன இருக்கு?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தடவ உனக்கு ரொம்ப சுலபம்டி. நீ எப்பவும் போல இரு."

வெள்ளிக்கிழமை மிஸ் விக்கரி வந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை, கையில் பலகைக் கணினி. வட்டத்துக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நாங்கள் பதிலுக்கு அசைக்கவில்லை.

"காலை வணக்கம், சாம்பியன்ஸ்!"

சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது.

பிராக் சிரித்தான். பாட்டைக் கொஞ்சம் ஏற்றினான். "யாருக்கு வெற்றி சொல்லணும்? டெல்பர்ட்?"

டெல்பர்ட் நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தலைகூட ஆடவில்லை. ரோஷெல் பேனாவைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று பேனாவைப் பார்த்தாலே தெரிந்தது.

பிராக் ஒரு வேடிக்கைக் கதை சொன்னான். நல்ல கதைதான். ஏசி மெக்கானிக் ஒருவனும் அவன் மாமியாரும். வேறு நாளாயிருந்தால் விழுந்து சிரித்திருப்போம். எதிரே ஒருத்திக்குத் தோள் குலுங்கியது. ரோஷெல் அவளை முறைத்த முறைப்பில் அது அடங்கிவிட்டது. அவன் கைதட்டினான். தனிக் கை தட்டும் சத்தம் அந்த அறையில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைத்ததில்லை. தன் காரில் படுத்திருந்த கதையைத் தொடங்கினான். குரல் உடைய வேண்டிய இடத்துக்கு முன்பாகவே உடைந்தது.

பிறகு ஒலிபெருக்கியை நிறுத்தினான். முழுப் பாதத்தையும் தரையில் ஊன்றி நின்றான். அப்படி நின்று நான் அவனைப் பார்த்ததேயில்லை. இன்னும் குள்ளமாகத் தெரிந்தான்.

"நான் என்ன தப்பு பண்றேன்?" என்று கேட்டான். சாம்பியன்ஸ் என்று சேர்க்கவில்லை.

அவன் நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டான். என்னைப் பார்ப்பது அவனுக்குப் பாதுகாப்பாகப் பட்டிருக்க வேண்டும். நான் தலையை ஒரு தடவை அசைத்தால் போதும், கணினியில் ஒன்று ஏறும். ஒரு தலையசைப்புதானே, எனக்குக் காசா பணமா? என் கழுத்து அதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது. வாழ்நாள் முழுவதும் பேச முடியாமல் பேசாமல் இருந்தவள் நான். அன்றைக்குத்தான் முதல்முறையாக, முடிந்தும் பேசாமல் இருந்தேன். கழுத்தை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

மிஸ் விக்கரி கணினியைத் தட்டினார். சில நொடி காத்திருந்து, வந்ததை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்களுக்கு எண் தெரியவில்லை. பிராக்கின் காது சிவந்ததுதான் தெரிந்தது.

"விதிப்படி நான் எடுக்கணும், மிஸ்டர் பிராக்" என்றார் மிஸ் விக்கரி. குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார். போகிற வழியில் டெல்பர்ட்டின் நாற்காலியைத் தட்டவில்லை. முக்கியமான இடம் இன்னும் வரவில்லை போலும்.

"கொரீன், எத்தன பாக்கி?"

சொன்னேன். முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் சொன்னேன், கொஞ்சம் கிறீச்சிட்டாலும்.

"அப்ப ஏன் உக்காந்திருக்க? ரோஷெல், அடுத்த கையக் குடுங்க. பேனாவ வாயிலருந்து எடுங்க."

நான் பட்டையைக் கட்டினேன். விரலால் தேடினேன். நரம்பு கயிறு மாதிரி உருண்டு வந்து நின்றது. அறை அமைதியாக இருந்தது. அது நடிப்பா இயல்பா என்று இப்போது யாருக்கும் தெரியாது. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. குத்தினேன். குழாயில் சிவப்பாக ஏறியது.

"ஒண்ணு" என்றார் மிஸ் விக்கரி. "குழாய மாத்து."

குழாயை மாற்றும்போது நிமிர்ந்தேன். பிராக் ஒலிபெருக்கியின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வாக்கியம் இருந்தது, தோல்விக்கு, மழைக்கு, ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு. வாயைத் திறந்தான். ரோஷெலின் கையிலிருந்து குழாய்க்குள் ஏறும் ரத்தத்தைப் பார்த்தான், இந்தத் தடவை உத்தரத்துக்குத் திரும்பவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு வாயை மூடிக்கொண்டு, கோட்டைத் தோளில் போட்டு, கதவைச் சத்தம் வராமல் பிடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.